சீவரத்தினத்தின் 'என்டெவர்'

தமிழன் முன்னேற ஒரே ஓர் ஆங்கிலச் சொல் போதும் என்று பிரிக்பீல்ட்ஸ் சீவரத்தினம் கண்டுபிடித்தது எண்பதுகளின் நடுவில். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் அந்தச் சொல்லை மேலதிகாரிகளின் கடிதங்களில் தூர நின்றுதான் தரிசித்திருந்தார். ஓய்வு பெற்று, சமூக முன்னேற்றச் சங்கத்தின் தலைவரானதும் அது அவருடைய சொந்தச் சொத்தாகிவிட்டது. அந்தச் சொல் 'என்டெவர்', அதாவது பெருமுயற்சி.

சுங்கை வே கம்பத்துக் குடியிருப்பிலிருந்து தனலெட்சுமி வந்தாள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள்.

"அங்கிள், எங்க கம்பத்து லொங்காங் மேல இருந்த பலகைப் பாலம் ஒடைஞ்சு போச்சு. பிள்ளைங்க சாக்கடையத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போவுதுங்க. ரெண்டு பலகை போதும் லா."

உருகிப்போன சீவரத்தினம் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"பாலம் போட ட்ரை பண்ணுவம் எண்டு எழுதட்டோ?" என்றார் செயலாளர் கந்தையா.

"ட்ரையோ!" சீவரத்தினம் துடித்துப்போனார். "ட்ரை எண்டால் லோரிக்காரன் ரிவர்ஸ் எடுக்கிறது, ஐசே! என்டெவர் எண்டால் உடல், பொருள், ஆவி மூண்டையும் குடுக்கிறது."

"அப்ப பலகை ஆர் குடுக்கிறது?"

"அது பொருள். முதல்ல ஆவியைக் குடுப்பம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கறிபாப் பரிமாறப்பட்டது.

அடுத்த மாதம் தனலெட்சுமி மறுபடி வந்து நின்றாள். "என்டெவர் நடந்துகொண்டிருக்குது, பிள்ளை" என்று சீவரத்தினம் அனுப்பிவைத்தார். சங்கம் மெய்யாகவே என்டெவர் செய்கிறதா என்று கண்காணிக்க உபகுழு ஒன்றும் அமைத்தார்.

மழைக்காலம் வந்தது. வேலை முடிந்து திரும்பிய தனலெட்சுமி சாக்கடையைத் தாண்டினாள். வழுக்கி விழுந்து கால் முறிந்தது. சேதி கேட்ட சீவரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. 'இனி மேலும் தீவிரமாக என்டெவர் செய்வோம்' என்று அனுதாபத் தீர்மானத்தை எழுதி முடித்த பிறகுதான் பசித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பத்துப் பெண்களும் ஒரு லோரிக்காரரும் எங்கிருந்தோ பலகை கொண்டுவந்து, மதியத்துக்குள் பாலத்தைப் போட்டுவிட்டார்கள். மாலையில் சங்கம் மாலையோடு வந்து இறங்கியது. பாலத்தின் நடுவே நின்று சீவரத்தினம் முழங்கினார்.

"என்டெவர் ஒருநாளும் வீண்போகாது!"

கந்தையா கைதட்டினார். மாவுக்கட்டுக் காலை நீட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமி கூப்பிட்டாள்.

"அங்கிள், அடுத்த வரிசை வீடுங்க கிட்டயும் பாலம் ஆடுது."

"அப்படியோ பிள்ளை? இண்டைக்கே நாங்கள்..."

"ஐயோ, வேணாம் அங்கிள். அங்க நீங்க ஒண்ணும் என்டெவர் பண்ணிடாதீங்க. அவங்களுக்கு இன்னும் ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு."