நெத்தித்தட்டியும் பழுக்காத முன்மூளையும்

கள்ளக்குறிச்சி விடுதியில் நாங்கள் நாற்பது பேர். நாற்பது பேரையும் தனி ஆளாகப் பைத்தியமாக்கும் வல்லமை நெத்தித்தட்டி ஒருவனுக்குத்தான் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து என்னோடு பிளஸ் டூ படித்தவன்.

எல்லாம் உயிரியல் வகுப்பால் வந்த வினை. “நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் யோசித்து முடிவெடுக்கும் இடம். உங்கள் வயதில் அங்குள்ள செல்கள் வேண்டாத இணைப்புகளை வெட்டிவிட்டு, வேண்டியவற்றுக்குக் கொழுப்பு உறை போட்டுக்கொண்டிருக்கும். வேலை முடிய இருபத்தைந்து வயதாகும்” என்று சொல்லிவிட்டு, மணியடித்ததும் ஆசிரியர் போய்விட்டார். இவன் விடவில்லை.

மறுநாளிலிருந்து, பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல எங்கள் நெற்றியைத் தட்ட ஆரம்பித்தான். மீசையை எடுக்கலாமா என்று நான் கண்ணாடி முன் நின்றால், டொக்!

“காயிடா இது. நீ இன்னா முடிவெடுக்கிற?”

காப்பியடித்துப் பிடிபட்டவனுக்காக வகுப்பில் எழுந்து வாதாடினான். “சார், அவனுக்கு முன்மூளை இன்னும் முத்தல சார். இருபத்தஞ்சு வயசுல கூப்ட்டு அடிங்க சார்.”

“அதுவரிக்கும் நீ வெளிய நில்லுடா!”

நின்றான், போவோர் வருவோர் நெற்றியைத் தட்டிக்கொண்டு.

அரையாண்டில் எனக்கு இயற்பியல் போய்விட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதற்கு மேல் தலையில் ஏறாது, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். அங்கே டி.சி. கேட்டார்கள். மரியாதையாக இருக்கட்டுமென்று மைப்பேனாவில் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதி, எங்கள் ஊரான வடக்கனந்தல் போய் அப்பாவிடம் கைநாட்டு வாங்கினேன். கரும்பு வெட்டிய கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து, அவர் கட்டைவிரலை வைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு கரும்புக் கொல்லையை வெட்டி முடித்திருக்கலாம்.

மறுநாள் காலை விண்ணப்பத்தைக் காணோம்.

“எங்கடா?” என்று நெத்தித்தட்டியைக் கேட்டேன்.

“அரிசி டிரம்முல வச்சிக்கிறேன். எங்க மலையில காயி பழுக்கணும்னா அரிசிக்குள்ளதான் பொதைப்போம். நாலு நாளு கெடக்கட்டும். அப்பவும் போவணும்னு தோணுச்சின்னா போ.”

சமையலறைக்கு ஓடினேன். மூக்குக்கண்ணாடி உடைந்துபோய்க் கண் சரியாகத் தெரியாத சமையல்காரர் டிரம்மிலிருந்து அரிசியை அள்ளி உலையில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாடா இது, சோறு நீலமா வருது?”

அன்று நாற்பது பேரும் என் விண்ணப்பத்தைச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

அவன் சட்டையைப் பிடித்தேன். “எங்கப்பாகிட்ட இன்னொரு தபா எப்படிடா கைநாட்டு கேப்பேன்?”

“கேக்காத.”

“உனுக்கு இன்னாடா வந்துச்சி? ஃபெயிலானது நானு!”

“நானுந்தான்டா.” சட்டையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னான். “யாருகிட்டயும் சொல்லல. நீயும் பூட்டா, நான் யாரோட குந்திக்கினு படிப்பேன்?”

வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு, கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து இயற்பியல் புத்தகத்தை எடுத்தேன். அவனுக்கும் தெரிகிற மாதிரி நடுவில் விரித்து வைத்தேன்.