என் கையால் செய்த இருபது தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மொன்டானா
அக்டோபர் 14

மரியாதைக்குரிய மச்சான் ஆர்விஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை டெல்லாவைக் கட்டிய லாயல் எழுதுவது. இங்கே நானும் அவளும் நாயும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆறு வருஷமாக உங்கள் எல்க் மான் வேட்டைக் கூடாரத்தில் பாத்திரம் கழுவியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வீட்டில் தானே தோட்டா தயாரித்துக் கொண்டு வராமல் கடையில் வாங்கி வருகிறவன் வாரம் முழுக்கத் தட்டுக் கழுவ வேண்டும் என்பது உங்கள் அப்பா காலத்துச் சட்டம். மறுக்கவில்லை. ஆனால் போன வருஷம், அடிப்பிடித்த பீன்ஸ் சட்டியை என் முன்னால் வைத்து, "மாப்ளே, பொறுமையா தேய்ங்க, மான் எங்கயும் ஓடிப்போகாது"ன்னு சொன்னீங்களே, அது எனக்கு ரொம்பவே உறைத்தது. அன்றே முடிவு செய்தேன்: இந்த வருஷம் என் தோட்டா என் கையால்.

முதல் வேலை, சுட்டு முடித்த பழைய தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்வது. அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறதாம். வீட்டில்தான் துணி துவைக்கும் மெஷின் இருக்கிறதே என்று அறுபது கூடுகளைத் தலையணை உறையில் முடிந்து போட்டேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உள்ளே டெல்லாவின் சர்ச் பாடகர் குழு வெள்ளை அங்கி இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் மட்டும் கூடுகளின் கரி கோடு போட்ட அங்கியில் பாடினாள்.

அடுத்து, சுட்டதில் விரிந்த கூட்டை அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமுன் எண்ணெய் தடவ வேண்டும். தடவவில்லை. கூடு அச்சுக்குள் இறுகிக்கொண்டது. அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். கூடு வரவில்லை, இயந்திரம் வந்தது, அதைத் திருகியிருந்த மேசைப் பலகையும் கூடவே வந்தது. அது உங்கள் அம்மாவின் ஓக் மர மேசை. மன்னியுங்கள் மச்சான், ஒட்டிவிட்டேன், துணி விரித்தால் தெரியாது.

பிறகு பிரைமர். கூட்டின் அடியில் வைக்கிற, மிளகளவு வெடிப்பொட்டு. டப்பா கை தவறிவிட்டது. நூறில் தொண்ணூற்று ஒன்பது கிடைத்தது. மீதி ஒன்றைப் பாதிரியார் கண்டுபிடித்தார். காபிக்கு வந்தவர், ஜெபத்தின் நடுவே நாற்காலியை நகர்த்தினார். டப் என்று ஒரு சத்தம். மனுஷன் பாதி ஜெபத்திலேயே ஆமென் சொல்லி எழுந்துவிட்டார். நாய் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான்.

ஆனாலும் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டேன். எண்ணெய் தடவுகிறேன், பொட்டுகளை எண்ணி வைக்கிறேன், வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன். இதோ, இருபது தோட்டா, வரிசையாக, பளபளவென்று. எனவே இந்த வருஷம் கழுவுகிற வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம். உங்கள் குறி தப்பாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த மாப்பிள்ளை,
லாயல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டெல்லா வந்தாள். இருபதையும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பதினேழாவது மட்டும் எடை குறைவாக இருந்தது.

"இதைப் போடும்போது எழுந்து போனீங்களா?"

"போன் வந்துச்சு."

"இதுல மருந்தே இல்ல. வெறும் பொட்டு மட்டும் வெடிச்சா, குண்டு துப்பாக்கிக் குழாய்ல பாதியிலயே சிக்கிக்கும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டிருந்தா உங்க முகம் இருந்திருக்காது." இருபதையும் பிரித்துப் போட்டுவிட்டோம்.

பிறகு அவளே உட்கார்ந்து புதிதாக இருபது செய்தாள். உங்கள் அப்பா அவளுக்குப் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்தாராம். என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. அவற்றை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றேன். "செஞ்சவங்கதான் சுடணும், அதுதான் எங்கப்பா சட்டம்"னு சொல்லிவிட்டு, தன் பெயரில் எடுத்த வேட்டை உரிமச் சீட்டைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமையே வாங்கியிருக்கிறாள்.

ஆக, இருவரும் வருகிறோம். அந்தப் பழைய பாத்திரம் தேய்க்கும் நாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் கைக்குப் பழகியது அதுதான்.