நாலாம் நம்பர் மிஷினில் ஓவியா

பச்சைக் கோடு மறுபடியும் இறங்கியிருந்தது.

சகாதேவன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. மத்தியானம் உச்சியில் துள்ளிக்கொண்டிருந்த கோடு இப்போது பாதிக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்: ஓவியா, வயது ஏழு.

"அண்ணாமலையாரே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர் அவர். ஃபேன் முனகினால்கூட எழுந்து தள்ளி உட்காருகிற சுபாவம். அப்படிப்பட்டவரிடம்தான் சிந்துஜா நாலாம் நம்பர் மிஷினை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சிந்துஜா சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவள். லீவில் அடி அண்ணாமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று மத்தியானம் ஒரு சிடியைக் கொண்டுவந்து போட்டு ஏதோ ஓடவிட்டாள்.

"என்னம்மா இது?"

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி பவர் ஹவுஸ் இருக்குதுண்ணா. சாப்பிடறதைத் தெம்பா மாத்தறது அதுதான். சில பேருக்குப் பொறக்கும்போதே அது பழுது. அதைத்தான் கம்ப்யூட்டர்ல பாக்கறேன். கோடு இறங்குனா தெம்பு இறங்குதுன்னு அர்த்தம்."

அதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவள் முகம் வெளுத்து எழுந்தாள்.

"சாயங்காலம் வந்துடறேன்ணா. அதுவரைக்கும் கரண்ட் மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா ஓவியா கதை அவ்ளோதான்!"

அந்தக் கடைசி வாக்கியம்தான் சகாதேவனின் மண்டையில் ஏறியது. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. அதன் உயிர் ஒயர் வழியாக வந்து தன் கடையில் ஊசலாடுகிறது. அவருக்கு அப்படித்தான் புரிந்தது.

"எல்லாரும் எழுந்திருங்க! லோடு ஜாஸ்தி ஆவுது!" என்று கத்தினார்.

"இன்னும் ரெண்டு வரிதான் சார், வேலைக்கு மனு போடறேன்" என்றார் ஒருவர்.

"ஒரு உயிர் போவுது, உனக்கு வேலை கேக்குதா?"

ஓடிப்போய் அந்த வரிசையின் சுவிட்சை அணைக்கப் பார்த்தார். அவசரத்தில் அணைத்தது கடையின் மெயினை. கடையே இருண்டது. நாலாம் நம்பரைத் தாங்கிய யூபிஎஸ் 'கீக் கீக்' என்று அலறியது. பதறிப்போய் மெயினைத் திரும்பப் போட்டார். 'டப்' என்று ஃபியூஸ் போனது.

பௌர்ணமி நாள். கிரிவலக் கூட்டத்தில் லைன்மேனை எங்கே தேடுவது? பக்கத்துக் கடை மைக்செட் முருகையனிடம் ஓடினார்.

"ஜெனரேட்டர் குடு முருகையா! ஒரு பாப்பா செத்துக்கினு இருக்குது!"

முருகையன் இரக்க குணம் உள்ளவர். கேள்வியே கேட்காமல் ஜெனரேட்டரை இழுத்துவந்து வாசலில் வைத்துக் கிளப்பினார். யூபிஎஸ் அடங்கியது. ஆனால் டீசல் புகை கடைக்குள் மண்டியது. புகைக்குள் பச்சைக் கோடு இன்னும் சரிந்தது.

"பாப்பாவுக்கு மூச்சு முட்டுது!" என்று சகாதேவன் ஒரு அட்டையை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு விசிறினார்.

"டாக்டர் யாராச்சும் வேணும் அண்ணா" என்ற முருகையன் மைக்கைக் கையில் எடுத்தார். "கிரிவலம் போற பக்தர்களே! ஓவியாங்கற பச்சப்புள்ள உயிருக்குப் போராடுது. டாக்டர் யாராவது இருந்தா உடனே வாங்க! மத்தவங்க எல்லாரும் ஒரு அரோகரா போடுங்க!"

"அண்ணாமலைக்கு அரோகரா!" தெருவே அதிர்ந்தது. கூட்டம் படியேறிவிட்டது. கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு ஒரு டாக்டரும் வந்தார்.

"பேஷண்ட் எங்கே?"

சகாதேவன் திரையைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப கம்மியா இருக்குது" என்றார். பிறகு தணிந்த குரலில், "நான் மாட்டு டாக்டருங்க" என்றார்.

அந்த நேரத்தில் கோடு தரையைத் தொட்டது.

சகாதேவனுக்குக் கண் இருட்டியது. கைக்குக் கிடைத்த பட்டனை எல்லாம் அழுத்தினார். கோடு அசையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிந்துஜா வந்தாள்.

"நான்தாம்மா கொன்னுட்டேன். மெயினை அணைச்சேன். என்னை போலீஸ்ல குடுத்துடு."

அவள் திரையைப் பார்த்தாள். "இல்லண்ணா, சரியாத்தான் ஓடி முடிஞ்சிருக்கு. இது நிஜ உடம்பு இல்ல, வெறும் கணக்கு. மருந்தே குடுக்காம விட்டா என்ன ஆகும்னு ஓட்டிப் பாத்தேன். இனிமே ஒவ்வொரு மருந்தா சேர்த்து ஓட்டணும். நாளைக்கும் இந்த மிஷின் வேணும்."

"அப்ப யாரும் சாகலையா?"

"யாரும் சாகலைண்ணா."

முருகையன் ஜெனரேட்டரை அணைத்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாட்டு டாக்டர் நழுவிவிட்டார். போன உயிர் திரும்பிவந்த சகாதேவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கண்ணில் நீர் வழிய, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஓவியாவாம், வயசு ஏழாம்! இல்லாத பாப்பாவுக்கா இத்தினி பேர் அரோகரா போட்டோம்!"

சிந்துஜா மட்டும் சிரிக்கவில்லை. சிடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை அழைத்துவந்த ஆட்டோக்காரர் மணிவேல் வாசலில் தலையை நீட்டினார்.

"சார், கொஞ்சம் மெதுவா சிரிங்க. இவங்க பொண்ணு ஓவியா பாப்பா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து வண்டியில இப்பதான் கண்ணு அசந்துது."