ஏகமனதாக வளர்ந்த தாடை

குடும்பம் நடத்துவது எப்படி என்று உலகத்துக்குச் சந்தேகம் வந்தால், அது நேரே பஸ் பிடித்துத் திருச்சி எடமலைப்பட்டி புதூரில் விக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அந்த வீட்டில் எந்தக் காரியமும் தனியொருவர் இஷ்டத்துக்கு நடந்ததில்லை. தேங்காய்த் துருவி வாங்குவதானாலும் கூட்டம் கூடும், விவாதம் நடக்கும், தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறும். தலைமை, அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்த விக்டர். அவருடைய அக்கா அற்புதம்மாள், பாலக்கரையிலிருந்து வந்துபோகும் 'நிரந்தர உறுப்பினர்'. மனைவி லூர்துராணி காபி போடுவார். மகள் அக்னஸுக்கு ஒன்பது வயதுதான் என்பதால், கூட்டம் முடியும்வரை வாசலில் விளையாடும் முழு உரிமை அவளுக்கு வழங்கப்பட்டிருந்தது.

1976-இல் அவளுடைய தாடையே விவாதத்துக்கு வந்தது.

அக்னஸுக்குக் கீழ்த்தாடை முன்தள்ளி, கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே வந்து மூடிக்கொள்ளும். கொய்யாக்காயை முன்பல்லால் கடிக்க வராது. கடைவாயில் கொடுத்து, தலையைச் சாய்த்துத்தான் கடிக்க வேண்டும். ஸ்கூலில் அவளுக்கு 'மூடாத மேஜை டிராயர்' என்று பட்டம். விக்டருக்கும் அச்சு அசலாக அதே தாடைதான். ஆனால் ஆபீசில் அதற்குப் பெயர் 'கம்பீரம்'. அவர் தாடையைத் தூக்கினால், லீவு கேட்க வந்த குமாஸ்தா லீவு லெட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். ஒரே எலும்பு அப்பாவிடம் கம்பீரமாகவும் மகளிடம் டிராயராகவும் வேலை பார்த்தது இயற்கையின் அற்புதங்களில் ஒன்று.

விக்டர் ஆபீஸ் வேலையாக வெளியூருக்குக் கேம்ப் போயிருந்த வாரம், லூர்துராணி எந்தக் கூட்டத்தையும் கூட்டாமல், தென்னூரில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் நஜ்முன்னிசாவிடம் மகளைக் கூட்டிப்போனார். இப்படியோர் ஒழுங்கீனம் அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

"இது பல்லு மட்டும் இல்லைங்க, தாடை எலும்பே முன்னால வளருது" என்றார் டாக்டர். "இப்பவே புடிச்சு நிறுத்தினா சொன்னபடி கேக்கும். வளர விட்டுட்டீங்கன்னா அப்புறம் எலும்பை அறுத்துத்தான் சரி பண்ணணும்."

அவர் கொடுத்தது, தலைக்கு ஒரு துணிக் குல்லா, முகவாய்க்கு ஒரு சின்னக் கிண்ணம், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை. தூங்கும்போது மாட்ட வேண்டும். மாட்டினால் காதுவரை வலித்தது. ஆனாலும் யாரும் சொல்லாமலே அக்னஸ் எடுத்து மாட்டிக்கொண்டாள். கொய்யாக்காயை நேராகக் கடிக்கும் காலம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், தம்பி வீட்டாரோடு பூசைக்குப் போகலாமென்று அற்புதம்மாள் வந்து சேர்ந்தார். கூடத்தில் குழந்தை வெள்ளைப் போர்வையோடு மல்லாந்து கிடந்தது. தலையைச் சுற்றி முகவாய்க்குக் கட்டு. செத்தவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டு கட்டுவதில் அற்புதம்மாளுக்கு ஊரறிந்த அனுபவம். அனுபவசாலிகள் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை.

"அய்யோ என் தங்கமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே!"

எதிர்வீட்டு ஸ்தனிஸ்லாஸ் பொறுப்பு மிக்கவர். சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய், மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். துக்கமணி அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பாயில் எழுந்து உட்கார்ந்த அக்னஸ், கட்டிய வாயோடு கேட்டாள்:

"யாரு அத்தை செத்துட்டாங்க?"

அற்புதம்மாள் மயங்கி விழுந்தார்.

நாட்டில் அவசரநிலை நடந்துகொண்டிருந்தது. அன்று மாலை விக்டர் கேம்பிலிருந்து திரும்பியதும் வீட்டில் அவசரக் கூட்டம் நடந்தது.

"உயிரோட இருக்கிற புள்ளைக்கு நாடிக்கட்டா? வீடு வெளங்குமா?" என்றார் அற்புதம்மாள்.

"டாக்டரம்மா கொடுத்ததுங்க அண்ணி" என்றார் லூர்துராணி.

"டாக்டருக்குப் பல்லு தெரியும். சகுனம் தெரியுமா?"

விக்டர் தாடையைத் தூக்கினார். "எனக்கும் இதே தாடைதான். இதனால என் புரோமோஷன் நின்னு போச்சா?"

இந்த வாதத்துக்கு மருத்துவ உலகில் இன்றுவரை பதில் இல்லை. 'குடும்பத்துக்குக் கேடு விளைவிக்கும் மேற்படி சாதனம் உடனே அகற்றப்படுகிறது' என்று தீர்மானம் ஆயிற்று. லூர்துராணி காபி போட எழுந்து போனது ஆதரவாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. அற்புதம்மாள் தம் திருக்கரத்தாலேயே சாதனத்தை அடுப்பில் போட்டுக் காரியத்தைச் சுபமாக முடித்து வைத்தார்.

தீர்மானத்தின் நகல் தாடைக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது பாட்டுக்கு வளர்ந்தது. அக்னஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினாள். பிறகு சிரிப்பதையே விட்டுவிட்டாள். காலேஜில் படிக்கும்போது தானே தென்னூருக்குப் போய்க் கேட்டாள். "எலும்பு முத்திடுச்சும்மா. இனிமே அறுக்கத்தான் வேணும்" என்றார் நஜ்முன்னிசா. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்தது.

1987-இல் லால்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முகவாயை உள்ளே இழுக்கச் சொல்லி ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ அவர்களுக்குப் பிடித்துப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா செல்வமேரி, "நீயும் ஒண்ணு எடுத்துக்கம்மா" என்று அன்போடு முறுக்குத் தட்டை நீட்டினார். அக்னஸ் தலையைச் சாய்த்துக் கடைவாயில் கடிப்பதை அதைவிட அன்போடு கவனித்தார்.

"ஏங்க, சின்ன வயசுலயே டாக்டர்கிட்ட காட்டலையா?"

குடும்ப மானம் ஒரு நொடி அந்தரத்தில் தொங்கியது. அற்புதம்மாள் அதைத் தாங்கிப் பிடித்தார்.

"காட்டாம இருப்பமா? டாக்டர் மாட்டிக்கக்கூடக் கொடுத்தாங்க. இவதாங்க மாட்டேன்னு ஒரே அழுகை. பெரியவங்க சொல்லு கேக்கணுமே!"

விக்டர் தலையசைத்து வழிமொழிந்தார். லூர்துராணி காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். மறுபடியும் ஏகமனது.

"அப்படியாம்மா?" என்று செல்வமேரி அக்னஸையே கேட்டார். இந்தத் தாடையைப் பற்றி அதன் சொந்தக்காரியிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுடைய கை வாயைப் பொத்த மேலே வந்தது. அதை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

"அழுதது நெசந்தாங்க" என்றாள். "மாட்டுனப்ப இல்லை. அத்தை அதை அடுப்புல போட்டப்ப. எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க."