ஹார்ட்வெல் வம்சத்துக் காதுகள்

அம்ப்ரோஸ் செத்துப்போனதில் ஹெஸ்டர் சீமாட்டிக்கு அதிர்ச்சி இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் செத்ததில்தான் அதிர்ச்சி.

"எண்பது வருஷம் இருந்தவருக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்க முடியலையா?"

"வேணும்னா செத்தார்? எங்க சித்தப்பா அப்படிப்பட்டவர் இல்லம்மா," என்றார் அவள் கணவர் ஹார்ட்வெல் பிரபு. வெண்ணெய் தடவிய ரொட்டி அவர் கையில் பாதி வழியில் நின்றது.

அம்ப்ரோஸ் கல்யாணமே செய்துகொள்ளாதவர். சம்பந்தியாகப் போகும் டியூக்கின் வேட்டைக்காட்டை ஒட்டிய சிறிய பங்களாவில் தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டார். ஆனாலும் சித்தப்பா சித்தப்பாதான். மூன்று மாதம் கறுப்பு உடுத்த வேண்டும். விருந்து கூடாது, நடனம் கூடாது, கல்யாணம் கூடவே கூடாது. மகாராணியே கணவருக்காக உடுத்திய கறுப்பை இன்னும் கழற்றாத நாட்டில் இதை யார் மீறுவது?

மாப்பிள்ளை ரூபர்ட்டின் படைப்பிரிவு அடுத்த வாரம் கப்பலேறுகிறது. போனால் திரும்பி வர நான்கு வருஷம். மகள் ரோஸமண்டுக்கு இப்போதே இருபத்தெட்டு. இதை விட்டால் ஒரு டியூக்கின் வீட்டிலிருந்து அவளை யார் கேட்டு வரப்போகிறார்கள்?

அதுவும் எப்படிப்பட்ட மாப்பிள்ளை! மாடிப்படி நெடுகத் தொங்கும் ஹார்ட்வெல் மூதாதையர் படங்களில் எல்லோருக்கும் காதுகள் ஜாடியின் கைப்பிடி மாதிரி விலகி நிற்கும். ரூபர்ட்டுக்கும் அவன் அப்பா டியூக்குக்கும் அச்சு அசல் அதே காதுகள். "நம்ம வீட்டுக்குன்னே பிறந்த பிள்ளை," என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்திருந்தாள் ஹெஸ்டர்.

கூடத்தில் வீட்டு எழுத்தர் டாப்ஸன், கல்யாணத்தன்று எல்லோரும் பார்ப்பதற்காக, ஆட்டுத்தோலில் வம்ச மரம் எழுதிக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் நேராக அவரிடம் போனாள்.

"டாப்ஸன், அம்ப்ரோஸ் நமக்கு உறவே இல்லேன்னு ஆக்கணும்."

"இறந்துபோனவரையா அம்மா?"

"உயிரோட இருந்தா எனக்கென்ன வந்தது?"

டாப்ஸன் தாடையைத் தடவினார். "அவங்கம்மா வேற ஒருத்தருக்குப் பெத்த பிள்ளைன்னு... அந்தக் காலத்துல ஒரு பேச்சு இருந்ததா வெச்சுக்கலாம்."

"இருந்தது. இப்போ ஞாபகம் வருது. பேரைச் சுரண்டுங்க."

டாப்ஸன் கத்தியை எடுத்துச் சுரண்டினார். சரக் சரக்கென்ற சத்தம் கேட்டுப் பிரபு எட்டிப் பார்த்தார்.

"ஹெஸ்டர், அவரு எங்கப்பாவோட இரட்டை."

கத்தி நின்றது.

"ஒரே வயித்துல ஒரே நாள்ல பிறந்தவங்க. அவரு வேற ஒருத்தருக்குப் பிறந்தா எங்கப்பா யாருக்குப் பிறந்தாரு? நான் யாரு?"

கத்தி நின்றதே தாமதமாகத்தான். தோலில் ஓட்டை விழுந்து, அம்ப்ரோஸோடு அவருடைய இரட்டையும் போயிருந்தார். மரத்தின் நடுவே பிரபுவின் பெயர் தகப்பனில்லாமல் தொங்கியது.

"அப்போ இப்படி," என்றாள் ஹெஸ்டர், அயராமல். "இரட்டையில ஒண்ணு பிறந்ததுமே செத்துடுச்சு. தாய் மனசு தாங்காதுன்னு, வண்டிக்காரன் பெண்டாட்டி அன்னிக்குப் பெத்த பிள்ளையைக் கொண்டுவந்து தொட்டில்ல போட்டுட்டாங்க. அதுதான் அம்ப்ரோஸ்!"

பிரபு தன் காதைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ அவரோட காது?"

"வண்டிக்காரனுக்கும் அதே காது."

"வண்டிக்காரனுக்கு ஏன் எங்க காது?"

"அதைக் கிளப்புனா இன்னொரு தோல் வேணுமுங்க," என்றார் டாப்ஸன் பணிவாக.

வாசலில் சாரட்டு வந்து நின்றது. டியூக்கும் அவருடைய தாய் முதிய டச்சஸும் உள்ளே வந்தார்கள். ஹெஸ்டர் டச்சஸை மேலும் கீழும் பார்த்தாள். தலை முதல் கால்வரை கறுப்பு, முழங்கால்வரை முகத்திரை. சொந்தக் கணவர் போனபோதுகூட ஒரே வருஷத்தில் கறுப்பை விட்டு ஊதாவுக்கு மாறியவள்! கல்யாணத்தை நிறுத்தத்தான் இப்படி உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"விஷயம் கேள்விப்பட்டோம்," என்றார் டியூக். "அம்மா காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. கல்யாணத்தைத் தள்ளி வெச்சிடலாம்னு..."

"எதுக்குங்க? இங்க துக்கமே இல்லையே!"

ஹெஸ்டர் செத்த குழந்தையையும் தொட்டிலையும் வண்டிக்காரனையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். டியூக்கின் வாய் திறந்தபடி நின்றது. பிரபு கூரையைப் பார்த்தார். டாப்ஸன் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா வெளியில தெரியலையே!"

"குடும்ப மானம் பாருங்க. பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன், அந்த மனுஷன் உடம்புல ஒரு சொட்டு பிரபு ரத்தம் கிடையாது. அத்தனையும் குதிரை லாயத்து ரத்தம்."

டியூக் தொடையில் தட்டினார். "அப்போ யாருக்கு என்ன துக்கம்? நாளைக்கே கல்யாணம்!"

ஹெஸ்டர் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

முதிய டச்சஸ் மட்டும் அசையவில்லை. மெல்லத் திரையை விலக்கினாள். அழுது வீங்கிய கண்கள். மாடிப்படியில் தொங்கிய அம்ப்ரோஸின் படத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற டியூக்கின் காதுகளை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படின்னா," என்றாள், "என் மகன் ஒரு வண்டிக்காரனோட பேரனா?"