இழுக்காத வண்டி

காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் சாம்சன், சனிக்கிழமை காலை தன் டீசல் காரின் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். இன்ஜினுக்குக் காற்றுப் போகும் அந்தக் குழாய்க்குள் கரி, தார் மாதிரி அப்பிக் கிடந்தது.

ஒரு மாதமாக வண்டி இழுக்கவில்லை. வேப்பம்பட்டு அருகே ஒரு ஷேர் ஆட்டோ அவனை முந்திப் போனதிலிருந்து சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. மறுநாள் கும்மிடிப்பூண்டியில் மைத்துனி சோனியாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணை அவன் காரில்தான் அழைத்துப் போக வேண்டும்.

"இப்பவே கயட்டணுமா? மெதுவா போனா ஆவாதா?" என்றாள் மனைவி பிரின்சி.

"கார்பன் அடைச்சிகினு கீது. அது மூச்சு வுட வாணாமா?"

அவள் டீ வைக்கப் போய்விட்டாள்.

தோசைக் கரண்டியால் சுரண்டினான். கரண்டி வளைந்தது. பிரியாணி அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தான். மேனிஃபோல்டு பளிச்சென்றாகி, அண்டா கறுத்துப்போனது. திரும்ப மாட்டும்போது இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட் கிழிந்தது. புதியது திங்கட்கிழமைதான் வரும் என்று திருவள்ளூர்க் கடையில் கைவிரித்தார்கள். காலண்டர் அட்டையை அளவாக வெட்டி வைத்து முடுக்கினான்.

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் விசிலடித்தது. உள்ளே தங்கியிருந்த மண்ணெண்ணெய் புகைந்து, எதிர்வீட்டு ஜானகியம்மாள் கொடியில் போட்டிருந்த நான்கு வெள்ளை வேட்டிகளும் சாம்பல் நிறமாயின. அந்த அம்மாள் வேட்டிகளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவனே துவைத்தான். கையிலிருந்த கிரீஸ் பட்டு நான்கும் முழுக் கறுப்பாயின.

நாலு மணிக்கு வேறு வழியில்லாமல் மெக்கானிக் லோகுவுக்குப் போன் செய்தான். லோகு எங்கிருந்தோ ஒரு கேஸ்கட் பிடித்து வந்து மாட்டி, கடம்பத்தூர் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். விசில் நின்றிருந்தது. புகையும் இல்லை.

"இப்ப இழுக்குதா?" என்று ஆசையாகக் கேட்டான் சாம்சன்.

"அப்டியேதாண்ணே கீது. இழுக்கலன்னுதான் இத்தக் கயட்டுனியா?"

சாம்சன் தலையாட்டினான். லோகு வாசலில் நின்ற பிரின்சியைப் பார்த்தான். அவள் அண்டாவை எடுத்துக்கொண்டு நிதானமாக உள்ளே போனாள்.

லோகு குரலைத் தாழ்த்தினான். "நீ கண்ணுமண்ணு தெரியாம ஓட்றன்னு, போன மாசம் ஆயில் மாத்த வண்டி வந்தப்ப, ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில ரப்பர் கட்டை வைக்கச் சொன்னதே அண்ணிதாண்ணே."