ஈட்டி அண்ணையின் வரவுப் பாட்டு

மொன்றியலில் ஈட்டி அண்ணையை விடப் பெரிய ஒப்பெராக்காரர் இருந்ததில்லை. அவருக்குப் பிரெஞ்சில் ஒரு வரி தெரியாது என்பதையும், மேடையில் அவரைப் பாட விட்டதே இல்லை என்பதையும் நான் பெரிதாக எடுப்பதில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் சென்ட் லோரன்டில் ஒரே ஃபிளாட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணை மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். ஊரில் மாதா கோயில் கூத்துகளில் ராசா வேசம் கட்டியவர். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. எங்கள் பக்கத்துப் பாடகர் குழு ஒன்று நூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு ஒப்பெராவை, முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகத்தை, மேடையேற்றியபோது, ஈட்டி பிடித்து நிற்க நெட்டை ஆட்கள் தேவைப்பட்டார்கள். போருக்குப் போன குதிரைவீரனுக்காகக் கோட்டைக்குள் ஒரு சீமாட்டி காத்திருக்கிற கதை. அண்ணைக்குக் காவல்காரன் வேசம். வந்து நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது.

எங்கள் கூத்தில் ராசாவோ சேவகனோ, தான் இன்னார் என்று வரவுப் பாட்டுப் பாடாமல் மேடைக்கு வருவதில்லை. முதல் ஒத்திகையில் அண்ணை ஈட்டியை ஊன்றி, தொண்டையைச் செருமி, தமிழில் தன் வீரத்தை எடுத்துவிட்டார். பியானோக்காரி கையை எடுத்துவிட்டாள். அழ வேண்டிய சீமாட்டி சிரித்துவிட்டாள்.

நீங்கள் வெறும் காவலாள் என்று இயக்குநர் சொன்னதை, அன்று துணைக்குக் கூடப் போயிருந்த நான் மொழிபெயர்த்தேன்.

"காவலாளுக்கும் வரவு இருக்கெண்டு சொல்லும் தம்பி. பாடாமல் வந்தா ஆள் ஆரெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

அவருடைய மனைவி ரெஜினா அக்கா யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார். ஞாயிறுதோறும் அண்ணை ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி, ஒத்திகையில் பார்த்த கதையை அவருக்குச் சொல்லுவார். வாள் சண்டையை அகப்பையால் செய்து காட்டுவார், போனில். கடைசிக் கட்டம் வந்ததும் நிறுத்திவிடுவார்.

"மிச்சம் நீர் வந்தாப் பிறகு."

"சொல்லுங்கோவன்" என்று அக்கா கெஞ்சுவது எங்களுக்கும் கேட்கும்.

"ஏன் அண்ணை, சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"சொல்லி முடிச்சா அவ வர என்ன அவசரம் இருக்கு?"

மேடையேறிய அன்று எனக்கு உண்மைக் காரணம் தெரிந்தது. குதிரைவீரன் திரும்பி வருகிறபோது சீமாட்டி செத்துக் கிடக்கிறாள். ஈட்டியை விட முடியாத அண்ணை, கண்ணைத் துடைக்க வழியில்லாமல் நின்றார்.

பிறகு ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கான பாதையைப் பூட்டினார்கள். பல ஞாயிறுகள் லைன் கிடைக்கவில்லை. அண்ணை போனை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுவதும் இருப்பார். அந்த ஒப்பெராவை எழுதியவன் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரைச் சேர்த்து வைத்தால் அவனுக்கு என்ன குறைந்திருக்கும்?

ஒருவழியாக, ஒரு பனிக்காலத்தில் அக்கா வந்து சேர்ந்தார். விமான நிலையக் கதவு திறந்து, தள்ளுவண்டியோடு அவர் வெளியே வந்ததும் அண்ணை உரத்த குரலில் ராணி வரவைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. என்னவோ ஏதோ என்று ஓடிவந்த பாதுகாவலர், அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்: "அந்தக் கோட்டைப் பிள்ளையும் குதிரைக்காரனும் கடைசியில சேந்தவையோ?"

அண்ணை என்னைப் பார்த்தார்.

"ஓம் அக்கா, சேந்தவை" என்றேன். "நான் கண்ணால கண்டனான்."